மழையில் மண் இறங்கும் நிலம்: மூடுபயிரா, வெட்டிவேரா, படியா, ஓடைக்கரைக் காடா?

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் மூன்று ஏக்கர் டுரியான் தோப்பு, அப்பா காலத்து மரங்கள், கீழே ஓடை. செபராங் பிறையில் ஐந்து ஏக்கர் செம்பனை, அடுத்த வருஷம் மறுநடவு. புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் ஒரு துண்டு நிலம், யாரும் கவனிக்காமல் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது. நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. மண் போகிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. முன்பு வந்த பறவையும் விலங்கும் இப்போது வருவதில்லை என்பதும் தெரிகிறது. ஆனால் ஒருவர் சரிவில் படிப்படியாக மேடை வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் வெட்டிவேர் வைக்கச் சொல்கிறார், மூன்றாமவர் நிலத்தைச் சும்மா விட்டாலே காடு வந்துவிடும் என்கிறார். எதைச் செய்வது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையை மூடி வைப்பது முதல் வேலை, ஓடைக்கரையைப் பயிர் வைக்காமல் காட்டுக்கு விட்டுக்கொடுப்பது இரண்டாவது வேலை. மற்றதெல்லாம் இடத்தைப் பொறுத்தது. ஏன் அப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் போனார்கள். மறு வருஷம் அக்டோபரில் புக்கிட் குக்குஸ் சரிவில் 9 பேர். இந்தச் சரிவுகள் கட்டட, சாலை வேலை நடந்த இடங்களில் வந்தவை, தோப்புகளில் அல்ல. ஆனாலும் மண் ஒன்றுதான். தீவின் மலைகள் கருங்கல் சிதைந்து உருவான, மணல் கலந்த மண். மேலே மூடி இருக்கும்வரை உறுதியாக நிற்கும். வெட்டித் திறந்துவிட்டால் ஒரே மழைக்காலத்தில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் பறித்துவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது வேகம். பினாங்கில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெருமழை. இன்று போடும் பணம் அடுத்த பெருமழைக்குள் மண்ணைப் பிடிக்குமா, அல்லது பத்து வருஷம் காத்திருக்க வேண்டுமா?

அடுத்து ஐந்து வருஷச் செலவு. முதல் நாள் செலவை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் பிறகு பாதியில் விட்டுவிடுகிறார்கள். இப்போது குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். புல் வெட்ட ஆள் கிடைப்பதே பாடு. ஆகவே ஒவ்வொரு முறைக்கும் வருஷத்துக்கு எத்தனை தடவை ஆள் வேண்டும் என்று கேளுங்கள்.

பிறகு வருமான இழப்பு, எந்த உயிர் திரும்பி வரும் என்பது, சட்டம் அனுமதிக்கிறதா என்பது. கடைசியாக ஒன்று, இதை யாரும் கேட்பதில்லை: செய்தது சரிவரவில்லை என்றால் மாற்ற முடியுமா? கொடியைப் பிடுங்கிவிடலாம். மலையில் வெட்டிய படியைத் திரும்பச் சரிவாக்க முடியாது.

## நிலத்தை மழை நாளில் பாருங்கள்

வெயில் நாளில் தோப்புக்குப் போய் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. மழை விட்ட உடனே போங்கள். மரத்தடியில் குனிந்து பாருங்கள்: சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் விரல் உயர மண் தூணின் மேல் உட்கார்ந்திருந்தால், கல் மறைக்காத இடமெல்லாம் அந்த அளவுக்கு மண் அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். டுரியான் வேர்கள் நரம்பு மாதிரி வெளியே தெரிவதும் அதே கதைதான். பிறகு ஓடைக்குப் போய், தண்ணீர் உங்கள் நிலத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பாட்டில், வெளியேறும் இடத்தில் ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள். மறுநாள் காலையில் அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பாட்டிலில் அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் மண்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது சுமார் 4 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 5 டன். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் போவது மேல்மண், நீங்கள் காசு கொடுத்துப் போட்ட உரம் இருக்கும் மண்.

## மூடுபயிர்: தரையைத் திறந்து விடாமல் இருப்பது

மரம் இருந்தால் மண் போகாது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. உயரமான மரத்தின் இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி, நேரே விழும் மழைத்துளியைவிடப் பெரியதாக இருக்கும். அது அடியில் வெறும் மண்ணில் விழுந்தால் நன்றாகவே அடிக்கும். டுரியான் பழம் விழுந்தால் தெரிய வேண்டும் என்று தோப்பு முழுக்கப் புல் மருந்து அடித்துச் சிமெண்டுத் தரை போல வைத்திருக்கிறோமே, அந்தத் தோப்புகளில்தான் மண் மிக வேகமாக இறங்குகிறது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் தோப்பை மொட்டையாக வைக்கும் பழக்கம் போகவில்லை, மருந்துதான் மாறியிருக்கிறது.

செம்பனை மறுநடவுக்குப் பழைய முறை புவேராரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா கொடிகளைக் கலந்து விதைப்பது. இவை பயறு வகை, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். மரம் வளர்ந்து நிழல் கட்டியதும் மெல்ல மறைந்துவிடும். 1990களில் முக்குனா பிராக்டியாட்டா வந்தது. கேரள ரப்பர் தோட்டங்களில் பழகிய கொடி அது. ஆழமாக வேர் விடும், நிழலையும் ஓரளவு தாங்கும், மாடு தின்னாது. செபராங் பிறையில் பக்கத்து வீட்டு மாடுகள் மேயும் நிலமென்றால் இது பெரிய நன்மை.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், முக்குனாவின் வேகத்தில்தான். இளஞ்செடியைச் சுற்றிக் கொடியை வெட்டி வட்டம் எடுக்காமல் விட்டால் கொடி மேலே ஏறிக் கன்றையே அமுக்கிவிடும். ஆகவே முதல் இரண்டு வருஷம் ஆள் தவறாமல் வர வேண்டும். அடுத்தது எலி. அடர்ந்த கொடிக்குள் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இதற்குக் கூகைப் பெட்டி நல்ல வழி. மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலும் வயல்களிலும் பல வருஷமாக இருக்கும் முறை இது. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி போதும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து ஒரு பெட்டி வைக்கலாம். ஒன்றே ஒன்று: கூகையை அழைத்துக்கொண்டே பிரோடிஃபாகம் போன்ற கடும் எலி மருந்தையும் வைக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்று கூகை சாகும்.

பழைய மரங்களைச் சாய்த்துத் துண்டாக்கிப் போட்ட இடத்தைக் கொடி சீக்கிரம் மூடிவிட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட இடம் தேடுவதும் குறையும். மறுநடவில் அந்த வண்டிடம் கன்றுகளை இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வளர்ந்த டுரியான் தோப்புக்கு முக்குனா வேண்டாம், பழம் பொறுக்க முடியாது. அங்கே தானாக முளைக்கும் மென்மையான புல்லையும் பெரணியையும் வெட்டி வெட்டி விடுவதே போதும். வெளிச்சம் ஓரளவு விழுந்தால் மஞ்சள் பூப் பூக்கும் தரைக்கடலை வகையான அராக்கிஸ் பிண்டோயையும் பதியம் வைக்கலாம். தண்டை ஒட்டி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருக்கட்டும். டுரியானைக் கொல்லும் தண்டழுகல் நோயின் கிருமி, மழைத்துளி தெறிக்கும் மண்ணோடுதான் தண்டுக்கு ஏறுகிறது. தரை மூடியிருந்தால் தெறிப்பு குறையும். பழம் பொறுக்குவது சிரமம் என்றால் பருவத்துக்கு முன் ஒரு முறை குட்டையாக வெட்டுங்கள், அல்லது வலை கட்டுங்கள். மருந்துக்குப் போகும் பணம் வெட்டுக்கூலிக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வளர்ந்த செம்பனையில் இதைவிட எளிது. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குங்கள், மேலிருந்து கீழாக வேண்டாம். நிரைகளுக்கு நடுவில் வளரும் பெரணியை விட்டுவிடுங்கள். இதற்கு ஒரு காசு கூடுதலாகச் செலவில்லை.

## வெட்டிவேர் வரிசை

நம் ஊர் வெட்டிவேர் மண் காக்கும் வேலையில் உலகம் சுற்றி வந்த புல். மலேசியாவில் இதை 1990 வாக்கில் வைத்துப் பார்த்து விரிவாக எழுதியவர் பி.கே. யூன். வேர் பக்கத்தில் பரவாமல் நேர் கீழே 3 மீட்டர் வரையும் அதற்கு மேலும் இறங்கும். அதனால் பக்கத்துப் பயிரோடு அதிகம் போட்டி போடாது. நடவு செய்யும் வகை விதை விட்டுப் பரவுவதில்லை, களையாகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் சமமட்டக் கோட்டில், 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று நட வேண்டும். 100 மீட்டர் வரிசைக்கு 700 முதல் 1,000 நாற்று. விலை இங்கேதான் ஏறுகிறது. ஒரு மூலையில் சொந்தமாக நாற்றங்கால் போட்டு, தூரைப் பிரித்துப் பிரித்து ஒரு வருஷத்தில் பெருக்கிக்கொள்வதுதான் மலிவு. கோடு தவறினால் மொத்தமும் வீண், தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து அங்கே உடைத்துக்கொண்டு போகும். இரண்டு மூங்கிலைக் கூரை போல் கட்டி, குறுக்கே ஒரு கம்பு வைத்து, நடுவில் நூலில் கல் தொங்கவிட்டால் சமமட்டம் பார்க்கும் கருவி தயார். கல் நூல் குறுக்குக் கம்பின் நடு அடையாளத்தில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஒரு காலை வைத்த இடத்தில் மறுகாலைச் சுழற்றி வைத்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு இடத்திலும் குச்சி நடுங்கள்.

வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. வளர்ந்த டுரியானுக்கு அடியில் நட்டால் இளைத்து, இடைவெளி விட்டு, தண்ணீரை விட்டுவிடும். இதைச் சொல்லாமல் நாற்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இதன் சரியான இடம் திறந்த வெட்டு: பாதை போட வெட்டிய சரிவு, கால்வாய்க் கரை, வீட்டுக்குப் பின்னால் அறுத்த மேடு. அங்கே வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. காட்டுயிருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மண் நின்றதும் வரிசைகளுக்கு நடுவே மரக்கன்று வைத்து, அது வளர்ந்து நிழல் போட்டு வெட்டிவேரை மறைத்தால், அதுவே நல்ல முடிவு.

## படி வெட்டுதல்

பாக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வைத்து ஒரே வாரத்தில் முடியும், வேலை நடந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். அதனால் எல்லாருக்கும் பிடிக்கிறது. ஒழுங்காக, உள்பக்கம் சாய்வாக, நடுநடுவே தடுப்பு வைத்து வெட்டிய படி தண்ணீரை நிறுத்தும், உரம் ஓடாது, ஆள் நடக்கச் சுலபம். சரிவில் புதிதாகச் செம்பனையோ பழமரமோ வைப்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம்.

ஆனால் வெட்டிய முதல் பெருமழையில் போகும் மண், வெட்டாமல் விட்டிருந்தால் பல வருஷத்தில் போகும் மண். வெளிப்பக்கம் சாய்ந்த படியோ, கீழே தள்ளிவிட்ட தளர்மண்ணோ இருந்தால் சரிவு விழவும் வாய்ப்பு உண்டு. வளர்ந்த மரங்களுக்கு நடுவே படி வெட்டவே வெட்டாதீர்கள். டுரியானின் உணவு வேர்கள் மேலாக ஓடுபவை. வெட்டுப்பட்ட வேரில் அழுகல் நோய் நுழையும். 25 டிகிரிக்கு மேல் சரிவென்றால் படியைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

சட்டமும் இங்கேதான் குறுக்கே வரும். 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி மலைநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் நில அலுவலக அனுமதியில்லாமல் காடழிக்கவோ பயிர் வைக்கவோ முடியாது. காய்கறி போன்ற குறுகிய காலப் பயிருக்கும் தனி அனுமதி வேண்டும். பினாங்குத் திட்டமிடலில் 250 அடிக்கு மேற்பட்ட உயரமும் 25 டிகிரிக்கு மேற்பட்ட சரிவும் மலைநிலமாக நடத்தப்படுகின்றன. ‘எல்லாரும் வெட்டுகிறார்கள்’ என்று பாக்கோக்காரர் சொல்வார். அபராதம் வந்தால் கெரானில் (நிலப் பட்டாவில்) பெயர் இருப்பவர்தான் கட்ட வேண்டும்.

## ஓடைக்கரையை விட்டுக்கொடுப்பது

காட்டுயிர் திரும்ப வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பரப்பு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி அளவுகள் தெளிவானவை. 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 5 முதல் 10 மீட்டர் ஓடைக்கு 10 மீட்டர், 10 முதல் 20க்கு 20, 20 முதல் 40க்கு 40, அதற்கு மேல் 50. நம் தோப்புகளில் ஓடுவது பெரும்பாலும் முதல் வகைதான்.

5 மீட்டர் என்றதும் நிலமே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போடுங்கள். ஓடை உங்கள் நிலத்தின் ஓரமாக 100 மீட்டர் ஓடினால், ஒரு கரைக்கு 500 சதுர மீட்டர். ஒரு ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. செம்பனையில் ஏறக்குறைய 7 மரம். அந்த 7 மரமும் கரை ஓரத்தில் சாய்ந்து, வேர் வெளியே தெரிந்து, உரம் போட்டால் தண்ணீருக்குப் போகும் மரங்கள். குலை எண்ணிப் பார்த்தால் அவற்றின் பங்கு சொற்பம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, எல்லைக்கல்லைத் தேடிப் பாருங்கள். பல கெரான்களில் ஆற்று ஒதுக்கீடு எல்லைக்கு வெளியே இருக்கும். நாம் இழப்பதாக நினைக்கும் வரிசை முதலிலிருந்தே நம்முடையதாக இல்லாமல் இருக்கலாம். செம்பனை வைத்திருப்பவர்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020இலிருந்து கட்டாயம், ஓடைக்கரையும் அதில் பார்க்கப்படும். சான்றிதழுக்காகச் செய்தே ஆக வேண்டியதைக் காட்டுயிருக்குப் பயன்படும்படி செய்துவிடலாமே.

செய்யும் முறை எளிது. முதல் வருஷம் மருந்து அடிப்பதையும் உரம் போடுவதையும் அந்தக் கோட்டுக்குள் நிறுத்துங்கள். தானாக வருவது வரட்டும். மஹாங், செண்டுடுக், அத்தி வகைகள் எப்படியும் வரும். இரண்டாம் மழைக்காலத்தில் கெலாட், புலாய் போன்ற நாட்டு மரங்களை இடையிடையே நடுங்கள். அக்கேசியா வேண்டாம், சீக்கிரம் வளரும் என்று சொல்லித் தருவார்கள், பிறகு அது மட்டும்தான் இருக்கும். ஒரே வகை மரத்தை வரிசையாக நடவும் வேண்டாம்.

மறைந்த செலவு: கொடிகள். முதல் மூன்று வருஷம் கன்றுகளை மூடவிடாமல் வெட்டிவிட ஆள் வேண்டும். காட்டுப்பன்றியும் அந்த நிழலில் படுக்கும், கரையைக் கிளறும். கேரா குரங்கு பழத்துக்கு வரும். இதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் கரையில் நிழல் விழுந்து தண்ணீர் குளிர்ந்தால் மீன் வரும், மீன்கொத்தி வரும். செபராங் பிறை ஆறுகளில் இன்னும் நீர்நாய் இருக்கிறது. அதற்கு வேண்டியது கரையில் மறைவிடமும் மீனும்தான்.

தீவில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது, 12,481 ஹெக்டர். உங்கள் ஓடை அந்தக் காட்டிலிருந்து இறங்குகிறது என்றால், கரையில் விட்ட 5 மீட்டர் மரம்தான் லோத்தோங் குரங்குக்கு மலையிலிருந்து இறங்கும் பாதை. தெலுக் பஹாங்கில் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே குரங்குப் பாலம் கட்டினார்கள், சாலை கடக்கையில் அவை அடிபடாமல் இருக்க. தோப்புக்குள் பாலம் கட்ட வேண்டியதில்லை, மரம் இருந்தால் போதும். நாலு இடத்தில் நாலு மரம் தனித்தனியாக வைப்பதைவிட ஓடையோடு தொடர்ந்து வரும் ஒரு மரக்கோடு எத்தனையோ மடங்கு மேல்.

## கலப்புத் தோப்பு

பாலிக் பூலாவின் பழைய தோப்புகள் இப்படித்தான் இருந்தன: மேலே டுரியான், நடுவில் ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தீன், ரம்புத்தான், ஓரத்தில் பெத்தாயும் வாழையும். இப்போது முசாங் கிங் என்ற டுரியான் ரகம் ஒன்றையே வரிசையாக வைக்கிறார்கள். விலை நன்றாக இருக்கும்போது யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் டுரியான் பூவுக்கு வௌவால் வேண்டும். பத்துமலைக் குகைகளில் இருக்கும் தேனுண்ணும் வௌவால்கள் டுரியான் பூவுக்கும் போகின்றன, கடலோரச் சதுப்பில் பெரெம்பாங் பூவுக்கும் போகின்றன என்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். தியோமான் தீவில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, பழந்தின்னி வௌவாலும் டுரியானுக்கு மகரந்தம் சேர்க்கிறது என்று காட்டியது. டுரியான் வருஷம் முழுக்கப் பூப்பதில்லையே. மற்ற மாதங்களில் வௌவால் எதைத் தின்னும்? வாழைப் பூ, பெத்தாய்ப் பூ, பெரெம்பாங் பூ. ஓரத்தில் இருக்கும் நாலு பெத்தாய் மரத்தை வெட்டிவிட்டு முசாங் கிங் வைப்பவர், தன் டுரியானுக்கு வேலை செய்யும் ஆளின் சோற்றைக் கெடுக்கிறார்.

மண்ணைப் பிடிக்கும் விஷயத்தில் கலப்புத் தோப்பு மெதுவானது. கன்று வைத்து நிழல் கட்ட வருஷங்கள் ஆகும், அதுவரை மூடுபயிர்தான் காப்பாற்ற வேண்டும். அறுவடையும் சிதறும். ஒரே நாளில் லாரி வரவைத்து ஏற்ற முடியாது, ஜாதிக்காய்க்கு ஒரு வியாபாரி, ரம்புத்தானுக்கு வேறொருவர். குடும்பத்தில் யாராவது தோப்பில் இருந்தால் இது நன்றாக ஓடும். கோலாலம்பூரில் வேலை, மாதம் ஒரு முறை வந்து பார்ப்போம் என்பவர்களுக்கு ஒத்துவராது.

## ஒரு துண்டைச் சும்மா விடுவது

காட்டை ஒட்டிய நிலமென்றால் இது வேலை செய்யும். புல்புல், முசாங் (மரநாய்), இருவாச்சி எல்லாம் விதையைக் கொண்டுவந்து போடும். காடு தூரமாக இருந்து, லாலாங் மட்டும் நிற்கிற நிலமென்றால் பத்து வருஷம் கழித்தும் லாலாங்தான் நிற்கும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் யாராவது சிகரெட்டை வீசினால் எரிந்து, முளைத்த கன்றும் போய், மறுபடி லாலாங். ஓரமாகத் தீத்தடுப்புப் பாதை எடுத்து, லாலாங்கைப் பலகையால் மிதித்துப் படுக்கவைத்து, நடுவில் முளைத்திருக்கும் மரக்கன்றுகளுக்குக் குச்சி கட்டி அடையாளம் வைத்துக் காப்பாற்றினால் கதை வேறு. வெட்டினால் லாலாங் மறுபடி துளிர்க்கும், மடக்கிப் படுக்கவைத்தால் தாமதமாகும்.

அமெரிக்காவில் 1985 முதல் ஒரு திட்டம் இருக்கிறது: மண் அரிக்கும் நிலத்தைப் பயிரிலிருந்து எடுத்து 10, 15 வருஷம் புல்லுக்கோ மரத்துக்கோ விட்டால் அரசு வாடகை தரும். அந்த மாதிரி வாடகையை நம்பி இங்கே கணக்குப் போடாதீர்கள். வருமானம் போனால் போனதுதான், நில வரியும் கட்டியாக வேண்டும். கெரானில் விவசாயம் என்று நிபந்தனை எழுதியிருந்தால், மொத்த நிலத்தையும் பயிரில்லாமல் விடுவதற்கு முன் நில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதனால் முழு நிலத்துக்கும் இதை நான் சொல்வதில்லை. ஏறவே முடியாத மேல் மூலைக்கு மட்டும் சரி.

## ஒரே பார்வையில்

| முறை | மண் பிடிக்கும் வேகம் | தொடர் செலவு | வருமான இழப்பு | காட்டுயிர் | மாற்ற முடியுமா |
|---|---|---|---|---|---|
| மூடுபயிர் | சில மாதம் | முதல் 2 வருஷம் அதிகம் | இல்லை | ஓரளவு | முடியும் |
| வெட்டிவேர் | ஒரு மழைக்காலம் | குறைவு, வருஷம் ஓரிரு முறை வெட்டு | மிகக் குறைவு | குறைவு | முடியும் |
| படி | உடனே, ஆனால் முதல் மழையில் ஆபத்து | பராமரிப்பு உண்டு | இல்லை | இல்லை | முடியாது |
| ஓடைக்கரை | 2, 3 வருஷம் | முதல் 3 வருஷம் | சிறிது | மிக அதிகம் | முடியும் |
| கலப்புத் தோப்பு | பல வருஷம் | ஆள் எப்போதும் வேண்டும் | ஆரம்பத்தில் உண்டு | அதிகம் | சிரமம் |
| சும்மா விடுதல் | இடத்தைப் பொறுத்தது | தீக்காவல் | முழுதும் | காடு அருகிலிருந்தால் அதிகம் | முடியும், சட்டம் பார்த்து |

## யாருக்கு எது

வளர்ந்த டுரியான் தோப்பு, சரிவு, கீழே ஓடை: மருந்து அடிப்பதை நிறுத்தி, புல்லை வெட்டி மட்டும் விடுங்கள். இந்த வருஷத்திலேயே ஓடைக்கரையில் 5 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். தோப்புப் பாதை வெட்டிய இடம் அறுத்துக்கொண்டிருந்தால் அங்கே மட்டும் வெட்டிவேர். இறந்த மரம் விழுந்த இடத்தில் மறுபடி டுரியானே வைக்காமல் ஜாதிக்காயோ பெத்தாயோ வையுங்கள். மொத்தத் தோப்பையும் மாற்ற வேண்டியதில்லை, மரம் விழ விழ மாறும்.

செம்பனை மறுநடவு: மரம் சாய்க்கும் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. செப்டம்பரில் சாய்த்தால் பெருமழை முழுவதும் வெறும் மண்ணில் விழும். வருஷத் தொடக்கத்து வெயில் மாதங்களில் சாய்த்து, ஏப்ரல் மழைக்குக் கொடி விதை விழும்படி பார்த்துக்கொண்டால், அடுத்த பெருமழை வருவதற்குள் தரை மூடியிருக்கும். ஓடைக்கரை வரிசையை மட்டும் திரும்ப நடாதீர்கள். இதைவிட மலிவாக அதைச் செய்யும் வாய்ப்பு இன்னும் 25 வருஷத்துக்கு வராது. சிறு நிலத்துக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல மலேசியச் செம்பனை வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள், காசு கேட்க மாட்டார்கள், கூப்பிடுங்கள்.

நிபோங் திபால் பக்கம் சமநிலம் வைத்திருப்பவர்களும் கேட்பதுண்டு, எங்களுக்கு மண்ணரிப்பு கிடையாதே என்று. உங்களுக்குப் போவது கால்வாய்க் கரை. வருஷா வருஷம் கரை இடிந்து, கால்வாய் தூர்ந்து, பாக்கோ வைத்து வாருகிறீர்களே, அந்தச் செலவுதான் உங்கள் மண்ணரிப்பு. கரையில் வெட்டிவேரோ புல்லோ இருக்கட்டும், மருந்து அங்கே போக வேண்டாம்.

லாலாங் நிலம்: காடு பக்கத்தில் இருந்தால் மேல் பாதியைக் காவலோடு விடுங்கள், கீழ்ப் பாதியில் கலப்புத் தோப்பு. காடு தூரமென்றால் முதலில் கொடியை விட்டு லாலாங்கை அமுக்கி, பிறகு மரம்.

அண்ணன் தம்பி, அத்தை பிள்ளைகள் என்று கெரானில் ஐந்தாறு பெயர் இருக்கும் நிலங்களுக்குக் கடைசியாக ஒன்று. அங்கே ஒருவர் வைத்த மரத்தை இன்னொருவர் வெட்டுவதுதான் பெரிய ஆபத்து, எந்த மழையையும்விட. ஓடைக்கரைக் கோட்டை வரைபடத்தில் வரைந்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடமும் மருந்து அடிக்கும் ஆளிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கரையோரம் சிவப்புப் பெயிண்ட் அடித்த கம்பும் நட்டு வையுங்கள், மருந்து டாங்கியை முதுகில் சுமந்து வருபவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியட்டும்.